கிட்டார் பாடியை மரம் வரை தேய்க்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பழைய பெயின்டை எடுப்பது ஒரு வேலை. மரத்தை வழவழப்பாக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே உப்புத்தாளை வைத்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் பல எலக்ட்ரிக் கிட்டார் பாடிகள் பாழாகின்றன. கெட்டுப்போய் என் கைக்கு வந்த பாடிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். விளிம்பு மழுங்கியிருக்கும், முகப்பு அலையலையாக இருக்கும், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) உட்காரும் குழியின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் முன்னால் இருப்பது எதுவோ, நேராக அங்கே போகலாம். எதுவானாலும் முதலில் தேய்க்கும் மெஷினை நிறுத்திக் கீழே வையுங்கள். "இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும்" என்று தொடர்ந்தால், சரிசெய்யக்கூடியதாக இருந்த கோளாறும் கைமீறிப் போய்விடும்.

அரை மணி நேரமாகத் தேய்த்தும் பெயின்ட் அசையவில்லை

உங்கள் கிட்டாரில் இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலியூரித்தேன். 1960களின் கடைசியிலிருந்து தொழிற்சாலைக் கிட்டார்கள் பல இந்தப் பூச்சுகளுக்கு மாறிவிட்டன. பாலியஸ்டர் காய்ந்த பிறகு கெட்டியான பிளாஸ்டிக் ஓடு மாதிரிதான். சில பாடிகளில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும். அடியில் இருக்கும் மரம் இந்த ஓட்டைவிட மென்மையானது. அதனால் ஓடு எங்கே முதலில் கிழிகிறதோ அங்கே மரம் வேகமாகக் குழிந்துவிடும், சுற்றிலும் ஓடு அப்படியே நிற்கும். முகப்பு அலையலையாவது இப்படித்தான்.

முதலில் என்ன பூச்சு என்று பாருங்கள். நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, கழற்றி, நெக் உட்காரும் குழியின் ஓரம் போல வெளியே தெரியாத இடத்தில், அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சில விநாடி வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது லாக்கர் வகை, பழைய கிட்டாரானால் நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம். எதுவும் ஆகவில்லை என்றால் பாலி வகை.

லாக்கர் என்றால் தின்னரோ அசிட்டோனோ நனைத்த துணியை விரித்துவைத்து, இளகியதும் வழித்துவிடலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள், பக்கத்தில் எந்த நெருப்பும் வேண்டாம். ஓரத்தில் பிளாஸ்டிக் பைண்டிங் பட்டை இருந்தால் அந்தப் பக்கமே அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், பட்டை கரைந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் மேல் ஹீட் கன் காட்டவே கூடாது. சட்டென்று பற்றி எரியும் பொருள் அது.

பாலி என்றால் ஹீட் கன்தான் வழி. பெயின்ட் ரிமூவர்கள் பாலியஸ்டர் மேல் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதிலும் மெத்திலீன் குளோரைடு கலந்தவற்றின் புகை மூடிய அறையில் உயிரையே எடுக்கும். அந்த வழிக்கே போக வேண்டாம்.

ஹீட் கன்னை நடுத்தரச் சூட்டில் வைத்து, 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையளவு இடத்தில் ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு பூச்சின் பளபளப்பு மங்கும், சிறு கொப்புளம் ஒன்று எழும், சன்னமாக 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் பதம். முனை மழுக்கிய பட்டி பிளேடைப் படுக்கை வாட்டத்தில் கொப்புளத்துக்கு அடியில் நுழைத்து மெதுவாகத் தள்ளினால், வாழைமட்டையை உரிப்பதுபோல் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டாக வரும். பிளேடைத் தூக்கிப் பிடித்தால் மூலை மரத்தில் குத்திவிடும். அதனால் பிளேடின் இரண்டு மூலைகளையும் அரம் வைத்து முன்கூட்டியே உருட்டிவிடுங்கள். முகப்பையும் முதுகையும் இப்படி உரித்துவிட்டால் உப்புத்தாளுக்கு மிச்சம் இருப்பது அதற்கு உரிய வேலை மட்டுமே.

உப்புத்தாள் நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது

தேய்ப்பின் சூட்டில் பூச்சு இளகி, மணிகளுக்கு நடுவே அப்பிக்கொள்கிறது. அழுத்தி வேகமாகத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அடைத்த தாள் வெட்டாது, சூடாக்கும். சூடானால் இன்னும் அடைக்கும். அழுத்தத்தைக் குறையுங்கள். மணிகள் இடைவெளி விட்டு ஒட்டப்பட்ட, வெள்ளைப் பூச்சுள்ள தாள் வாங்குங்கள். பழுப்பு ரப்பர் கட்டியை ஓடும் தாளின் மேல் வைத்தால் அடைத்ததில் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கும் வராத தாளை வீசிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நிறம் போய்விட்டது, மரம் மட்டும் இன்னும் மினுங்குகிறது

நீங்கள் இன்னும் மரத்தைத் தொடவில்லை. தொழிற்சாலையில் நிறம் அடிக்கும் முன்பு மரத்தின் துளைகளை அடைக்க சீலர் போடுவார்கள். சில சமயம் அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் மரரேகை பளிச்சென்று தெரியும், மரத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. பரவி, நிறம் கருத்து, உள்ளே இறங்கினால் அது மரம். தூளைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சீலரின் தூள் வெள்ளையாக, மாவு மாதிரி கையில் ஒட்டும். மரத்தூள் மரத்தின் நிறத்தில் உதிரியாக இருக்கும்.

சீலரையும் எடுக்கத்தான் வேண்டுமா என்பதை இந்த இடத்தில் முடிவு செய்யுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மரம் தெரியாத நிறம் அடிக்கப் போகிறீர்களானால், விரிசல் இல்லாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் சீலரை எடுக்கவே வேண்டாம். 320 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் ஏற ஏற மணி நைசாகும்) மேலாகத் தேய்த்து, அதன் மேலேயே அடிக்கலாம். துளைகளை அது ஏற்கெனவே அடைத்துவைத்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு நீங்கள் புதிதாக அடைக்கப் போவதும் அதேதான். சாயம், எண்ணெய், தெளிவான லாக்கர் என்று மரம் தெரிய வேண்டுமானால் மட்டும் கடைசிப் புள்ளிவரை போக வேண்டும்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ரேகை மறைந்து வேறு மரம் தெரிகிறது

வெனீரை, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளை, கிழித்துவிட்டீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் வலிக்கும் கோளாறு இது. மரம் தெரியும் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் இருண்ட நிறம்) கிட்டார்களில் சிலவற்றின் முகப்பில் ஒட்டியிருப்பது அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஒரு மரத்தாள்தான். நிறம் அடித்த பாடிகளிலும் பல துண்டுகளை ஒட்டிய அடிமரத்தை மறைக்க மேலும் கீழும் வெனீர் ஒட்டுவது உண்டு.

ஒருமுறை தீச்சுவாலை மாதிரி ரேகை ஓடும் மேப்பிள் முகப்புள்ள பாடி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கைக்குப் படும் வளைவில் நாணயம் அளவுக்கு ஒரு மங்கல் திட்டு தெரிந்தது. சீலர் மிச்சம் என்று நினைத்து இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். திட்டின் ஓரம் பழுப்பாகக் கருத்தது, அது பசை. நடுவில் ரேகையே இல்லாத வெளுத்த மரம். அந்த நாலு இழுப்புக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் அந்த முகப்பு இன்றும் முழுசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து, தொடங்கும் முன்பே பிக்கப் குழியின் வெட்டு ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் உப்புத்தாளைத் தொடுவதில்லை. வெனீர் இருந்தால் அங்கே முகப்பிலிருந்து மயிரிழை கீழே ஒரு கோடு ஓடும். முகப்பின் ரேகை பக்கவாட்டில் இறங்கித் தொடராமல் விளிம்பிலேயே நின்றாலும் வெனீர் என்றுதான் பொருள்.

ஏற்கெனவே கிழிந்துவிட்டதென்றால் வெனீரைத் தேய்த்தே முழுக்க எடுத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அடியில் அழகான மரம் காத்திருக்காது, பாடியும் மெலிந்துபோகும். அந்த இடத்தைச் சுற்றி மேடுபள்ளம் இல்லாமல் 220 நம்பரில் சமன் செய்து, மறைக்கும் நிறத்துக்கு மாறுங்கள். கிழிசல் விளிம்புக்கு அருகில் இருந்தால் அகலமான இருண்ட பர்ஸ்ட் அதை மூடிவிடும்.

விளிம்பு மழுங்கிவிட்டது, வளைவின் வடிவம் மாறிவிட்டது

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டாரின் விளிம்பு ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டிருக்கும். டெலிகாஸ்டரின் விளிம்பு 3.2 மில்லிமீட்டர்தான். இரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டுவதில் அந்த விளிம்புக்குப் பெரிய பங்கு. மெஷின் சாண்டரின் மெத்து விளிம்பில் ஏறினால், முழு எடையும் ஒரு கோட்டில் இறங்குகிறது. டெலிகாஸ்டர் மாதிரி கூரான விளிம்பு அதில் ஒரு நிமிடம் தாங்காது.

மெஷினைத் தட்டையான இடங்களுக்கு மட்டும் வையுங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளேயே அது நின்றுவிட வேண்டும். மிச்சம் கைவேலைதான். கை ஊன்றும் சரிவுக்கும் முதுகுப்பக்கக் குழிவுக்கும் வளையும் ரப்பர் கட்டை, கொம்புகளின் உட்பக்கத்துக்கு உப்புத்தாள் சுற்றிய உருளைக் கட்டை. வெறும் விரலால் மட்டும் தேய்க்காதீர்கள். விரலின் எலும்பு அழுந்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். இப்போது கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு ஏறிய பிறகு ஒவ்வொரு வாய்க்காலும் ஒளியை வளைத்துக் காட்டும்.

மழுங்கிய விளிம்பை மரம் சேர்த்து மீட்க முடியாது. செய்யக்கூடியது, சுற்றிலும் அதே அளவுக்கு ஒரே சீராக உருட்டிவிடுவது. ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மொழுக்கையாகவும் இருப்பதைத்தான் கண் பிடிக்கும். சீரான உருட்டலைக் கண் ஏற்றுக்கொள்ளும்.

சுருள் சுருளாகக் கீறல்கள்

காய்ந்த மரத்தில் இவை தெரியவே தெரியாது. சாயம் போட்டதும் மையில் எழுதியது மாதிரி எழும்பி வரும். அதனால் கண்டுபிடிக்கும் வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பாடியின் மட்டத்துக்குப் படுக்கவைத்து அடியுங்கள். பிறகு நாப்தா என்ற, சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. ஈரம் காயும் அந்தச் சில விநாடியில் மரம் சாயம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படிக் காட்டும். கீறல் தெரிந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

காரணங்கள் பலவும் சுழன்று அதிரும் ஆர்பிட்டல் சாண்டரில்தான். முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த முரட்டு மணி ஒன்று புதிய தாளுக்கு அடியில் சிக்கிச் சுழன்றிருக்கும். ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் பாடியை வேக்குவம் போட்டு உறிஞ்சி, துணியால் துடைக்காமல் இருந்தால் இது நிச்சயம். அல்லது மெஷினை அழுத்தியிருப்பீர்கள். அழுத்தினால் அதன் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும். அதன் சொந்த எடையே போதும், விநாடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம். இந்த வேகம் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் சரியான வேகம் இதுதான்.

நம்பரைத் தாண்டியதும் ஒரு காரணம். 80-இலிருந்து நேராக 220-க்குப் போனால், 80 போட்ட பள்ளங்களின் அடிவரை 220 இறங்காது. மேட்டை மட்டும் மினுக்கிவிட்டு நின்றுவிடும். 80, 120, 180, 220 என்று போங்கள். பெயின்டை ஹீட் கன்னால் உரித்திருந்தால் 120-இல் தொடங்கினால் போதும், 80 தேவைப்படாது. ஒவ்வொரு நம்பருக்கும் முன்பு பாடி முழுக்கப் பென்சிலால் வளைந்து நெளிந்து கோடு போட்டு, கோடு முழுதும் அழியும்வரை தேய்த்தால் விட்டுப்போன இடம் என்று ஒன்று இருக்காது. கடைசி நம்பரை மட்டும் கையால், கட்டை வைத்து, இழையோட்டத்தின் திசையிலேயே தேயுங்கள்.

கீறல் தெரிந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் குடையாதீர்கள். ஒரு நம்பர் பின்னே போய், அந்த முகம் முழுவதையும் மறுபடி வாருங்கள்.

நெக் ஆடுகிறது, பிரிட்ஜ் சரியாக உட்காரவில்லை

நெக் உட்காரும் குழியின் தரையிலும் சுவரிலும் உப்புத்தாள் போட்டிருக்கிறீர்கள். அங்கே போடவே கூடாது. பெயின்ட் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தரையில் ஒரு முனை அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும் நெக்கின் சாய்வு மாறி, கம்பிகளின் உயரமும் மாறிவிடும். தேய்க்கும் நேரமெல்லாம் அந்தக் குழிக்குள் அளவாக வெட்டிய ஒரு மரத்துண்டை மாட்டிவையுங்கள். குழியின் ஓரம் உருண்டுபோகாமலும் அது காக்கும். சுவர் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் மெல்லிய வெனீர்த் துண்டை உள்ளே ஒட்டி இறுக்கலாம்.

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் நேர்கோல் வைத்து ஒளி கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அங்கே குழிந்திருக்கிறது. தட்டையான நீளக் கட்டையில் 120 ஒட்டி, முகப்பு முழுவதையும் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும்.

பிரிட்ஜின் உலோகப் புஷ் வெளியே வரவில்லை

புஷ் என்பது பிரிட்ஜைத் தாங்கும் திருகு (ஸ்டட்) இறங்கும் உலோகக் குழல். அதை உள்ளேயே வைத்துத் தேய்த்தால் சுற்றி ஒரு வளையக் குழி விழும், எடுத்துத்தான் ஆக வேண்டும். நெம்பாதீர்கள், மரம் சிதறும். முதலில் பிளேடால் புஷ்ஷைச் சுற்றிப் பூச்சை அறுத்துவிடுங்கள். புஷ்ஷுக்குள் அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டைப் போட்டு, அதன் ஸ்டட்டையே திருகி இறக்குங்கள். ஸ்டட் கீழே போக வழியில்லாமல் புஷ்ஷை மேலே தூக்கிக்கொண்டு வரும். முரண்டு பிடித்தால் சால்டரிங் அயர்னின் முனையை ஸ்டட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றிவிட்டுத் திருகுங்கள். அந்த இரண்டு புஷ்களில் ஒன்றின் பின்னால் கிரவுண்ட் வயர் ஒளிந்திருக்கும். அதைக் குறித்துவையுங்கள், திரும்பப் போடும்போது மறந்தால் கிட்டார் இரையும்.

கருகல் தடம், அமுங்கிய பள்ளம்

ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தியதால் கருகியிருந்தால், மேலாக இருக்கும்வரை 120-இல் போய்விடும். ஆழமாக இருந்தால் துரத்திக்கொண்டு போகாதீர்கள், பள்ளம்தான் மிஞ்சும். இருண்ட சாயமோ மறைக்கும் நிறமோ போடுங்கள்.

பிளேடோ வேறு எதுவோ அழுத்தி அமுங்கிய இடம் வேறு சங்கதி. இழை அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் ஆவி காட்டி எழுப்பிவிடலாம். ஈரத் துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி தொடுங்கள். 'ஸ்ஸ்' என்று ஆவி உள்ளே போகும். துணியை எடுத்துப் பார்த்தால் மரம் உப்பி மேலே வந்திருக்கும். பாஸ்வுட் மாதிரி மென்மையான மரத்தில் இது அற்புதமாக வேலை செய்யும், அதே மரத்தில்தான் நகம் பட்டாலும் பள்ளம் விழும் என்பதால் தேவையும் அங்கேதான் அதிகம். வெனீர் முகப்பில் மட்டும் வேண்டாம், பசை விட்டுப்போகும்.

வழவழப்பாக இருந்தது, ஈரம் பட்டதும் சொரசொரக்கிறது

மரத்தின் இயல்பு இது. தேய்ப்பில் படுத்துவிட்ட நார்முனைகள் ஈரம் பட்டதும் எழுந்து நிற்கின்றன. தண்ணீர் கலந்த சாயமோ பூச்சோ போடப் போகிறீர்களானால், நீங்களே முந்திக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 320-இல் மேலாக இரண்டு இழுப்பு மட்டும் இழுங்கள். அழுத்தித் தேய்த்தால் புது நார் கிளம்பும், மறுபடி முதலிலிருந்து.

சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது

வெளுத்த திட்டு என்றால் அங்கே சீலரோ பசையோ மிச்சம். தேய்த்து எடுங்கள். கொம்பு முனைகளும் அடிப்பாகமும் மட்டும் கருத்துப்போனால் அது குறுக்குவெட்டு முகம், அங்கே மரத்தின் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்பதால் அதிகம் குடிக்கும். மற்ற இடங்களை 220-இல் நிறுத்தி, அந்த முகங்களை மட்டும் 320 வரை கொண்டுபோனால் வித்தியாசம் குறையும். எங்குமே சாயம் பிடிக்கவில்லை என்றால் 400, 600 என்று போய் மரத்தை மினுக்கிவிட்டீர்கள். வெறும் மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை, அந்த நம்பர்கள் பூச்சின் மேல் தேய்ப்பதற்கு.

சிறு கறுப்புப் புள்ளிகள் தோன்றினால், இரும்புக் கம்பளி பயன்படுத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதன் துணுக்குகள் மரத்துளைக்குள் தங்கி, ஈரம் பட்டதும் துருவாகின்றன. பிக்கப்பின் காந்தமும் அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் நார்ப் பட்டையே போதும்.

மூக்கும் தொண்டையும் எரிகின்றன

வேலையை நிறுத்திவிட்டு வெளியே போங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதோடு பூச்சின் தூளும் சேரும். முகத்தில் இறுகப் படியும் என்95 அல்லது அதைவிட உயர்ந்த மாஸ்க், கண்ணாடி, மெஷினோடு இணைத்த வேக்குவம், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். பல பத்தாண்டு பழைய கிட்டாரானால் நிறமியில் ஈயம் இருக்கலாம். பரிசோதனைக் குச்சியால் பார்த்து, இருந்தால் உலர்தேய்ப்பை விட்டுவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்.

எல்லாம் முடிந்து புதுப் பூச்சு அடித்தால் வட்ட வட்டமாகக் குழிகிறது

தேய்ப்பு முடிந்த பிறகு தெரிந்தாலும் இது தேய்ப்பின் கோளாறுதான். வருடக்கணக்கில் கிட்டாரைத் துடைத்த பாலிஷில் இருந்த சிலிக்கோனை உப்புத்தாள் மரத்துக்குள் ஏற்றிவிட்டது. புதுப் பூச்சு அந்த எண்ணெய்ப் புள்ளியை விட்டு விலகி ஓடுகிறது. மேலே மேலே அடித்தால் குழி ஆழமாகுமே தவிர மூடாது. நன்றாகக் காயவிட்டு, தேய்த்து இறக்கி, நாப்தாவால் இரண்டு முறை துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத்துணி, ஒரே திசையில். பிறகு ஷெல்லக் (அரக்குப் பூச்சு) ஒரு மெல்லிய கை போட்டு மூடிவிட்டு மேலே போங்கள். அடுத்த பாடியில், ஹீட் கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பழைய பெயின்டின் மேலேயே இந்த நாப்தாத் துடைப்பைச் செய்து, அது முழுக்க ஆவியாகும்வரை காத்திருந்துவிட்டுத் தொடங்குங்கள்.